பொள்ளாச்சிக் கடல்

தூத்துக்குடிக்காரன் ஒருவனைக் கடல்பாசி பார்க்கப் பொள்ளாச்சிக்குக் கூப்பிட்டால் அவன் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்படுவான். நானும் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன். எதிர்முனையில் என் மகள் கவிதாவின் மாமனார் பொன்னுசாமி. மறுபடியும் அதையே சொன்னார்.

"கடல்பாசிங்க சம்மந்தி. கழிவுத்தண்ணியில உட்டு வளத்தறமுங்க. அழுக்கையெல்லாம் அது தின்னுபோட்டு நல்ல தண்ணியா உட்டுருமாமுங்க. நீங்க ஒருக்கா வந்து பாத்துப்போட்டு, ஆமா செரின்னு ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா போதுமுங்க."

தண்ணீர் மாசைப் பார்க்கும் அரசுத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வார்த்தைக்காக என் அறை வாசலில் பெஞ்சு தேயத் தேய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனின் வார்த்தைக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை என்பதும் எனக்குத் தெரியும். பல ஓய்வு பெற்றவர்களுக்கு அதை விளக்கியவனே நான்தான். அதைச் சம்பந்தியிடமும் சொன்னேன்.

"ஆபீசுக்கு இல்லீங்க. பக்கத்துத் தோட்டத்து அம்மணிக்குங்க. கடலூர்ப் பக்கத்து மனுசன், கவர்மெண்டுல இருந்தவரு, அவரு செரின்னா நானும் செரிங்கறேன்னு சொல்லிப்போட்டாங்க."

என் ஊர் கடலூர் இல்லை, கடலோர ஊர் என்று திருத்தினேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். கடல் இருக்கிறதல்லவா?

விஷயம் இதுதான். சம்பந்தி தேங்காய் நார்த்தூள் ஆலை வைத்திருக்கிறார். மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவிக் காயவைத்து, செங்கல் போல அமுக்கி, வெளிநாட்டில் செடி வளர்ப்பவர்களுக்கு அனுப்புகிறார். தூளில் இயற்கையாகவே கொஞ்சம் உப்பு உண்டு. கழுவினால் அது தண்ணீரோடு போகும். கழுவிய தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். போகிற வழியில் உள்ள கிணறுகளையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டத்து சரஸ்வதியின் கிணறு அப்படி நிறம் மாறியது. அவர் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். மனுக் கொடுத்தார், அதிகாரிகள் வந்து ஆலையின் கழுவுகளத்தைப் பூட்டினார்கள். பாசித் தொட்டிக்கு மட்டும் சோதனை என்ற பெயரில் அனுமதி. மனு திரும்பப் பெறப்பட்டால் களம் திறக்கும். சட்டப்படி அது போதாது, நடைமுறையில் போதும். ஆகவே ஒரு கிணற்றின் கதி என் 'ஆமாம், சரி'யில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இறங்கினேன். வாசலிலேயே மாப்பிள்ளை ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவாணித் தண்ணீர். மற்ற ஊர்க்காரர்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுபோல இந்த ஊர்க்காரர்கள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

கவிதா தனியாக அழைத்துச் சொன்னாள். "அப்பா, நீங்க உண்மையைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். சொல்லுங்க. ஆனா மாமா வீட்ல சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி எதுவும் வேண்டாம்."

இதைவிடத் தெளிவான அலுவலக ஆணையை நான் பார்த்ததில்லை.

உக்கடத்தில் ஏறிய தனியார் பேருந்தில் பாட்டு அவ்வளவு சத்தமாக இருந்ததால் நடத்துனரும் பயணிகளும் விரல்களால் பேசிக்கொண்டார்கள். பொள்ளாச்சியில் அன்று மாட்டுச் சந்தை. பேருந்து நிலையத்துக்குள் நுழைவதற்குள் மாடு ஏற்றிய லாரிகள் எங்களை நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டன. ஜன்னல் வழியாக ஒரு காளை என்னை நிதானமாகப் பார்வையிட்டது. வாங்குகிற நோக்கம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து டவுன் பஸ். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாளையம் என்று முடியும். அது அடையாளமாகாது, அந்தப் பக்கம் எல்லாமே பாளையம்தான். நான் நடத்துனரிடம் பாளையத்தின் பெயரைச் சொன்னேன். அவரும் அந்தப் பெயரில் என்னை இறக்கிவிட்டார். அதே பெயரில் 'சின்ன' என்று ஒன்றும் 'பெரிய' என்று ஒன்றும் இருப்பது பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்த பிறகுதான் தெரிந்தது. நான் சின்னதில் நின்றிருந்தேன்.

சந்தையிலிருந்து திரும்பிய ஒரு டெம்போ நின்றது. பின்னால் ஒரு கன்று. ஓட்டியவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, ஆரூட்டுக்குங்க?"

"பொன்னுசாமி வீட்டுக்கு. பெரிய பாளையம்."

"எந்தப் பொன்னுசாமிங்க? கடல் வளத்தறாரே, அவருங்களா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"ஏறுங்க. அலை வந்தாச்சுங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, புள்ளைகளைக் கூட்டியாந்து காட்டோணும்."

கன்றுக்கும் எனக்கும் நடுவில் ஒரு புண்ணாக்கு மூட்டை. என் வேட்டியின் ஒரு மூலையைக் கன்று சுவைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

சம்பந்தி வீட்டு உபசாரத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம். எங்கள் பக்கத்தில் பருப்புச் சோறு என்றால் சோற்றில் பருப்பு ஊற்றிக்கொள்வது. இங்கே அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, யார் யார் என்று தெரியாமல் கலந்து வருகின்றன. சம்பந்தியம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். "போதும்" என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் 'இன்னும் ஒரு கரண்டி' என்று பொருள். எதிர்ப்பைப் பதிவு செய்யும் வழியே கிடையாது.

மறுநாள் காலை தொட்டியைப் பார்க்கப் போனோம்.

தொட்டி என்று அவர்கள் சொன்னது ஒரு குளம். வெறும் மண்ணில் தோண்டியது. அதில் டிகாக்‌ஷன் நிறத் தண்ணீர். மேலே வரிசை வரிசையாகக் கயிறு கட்டி, கயிற்றில் கசங்கிய பச்சைக் கைக்குட்டைகள் போலப் பாசித் துண்டுகள். கயிறுகளுக்கு மேலே, கல்யாண மண்டபத்தில் தொங்குவதுபோல, விளக்குகள். பட்டப்பகலில் அத்தனையும் எரிந்தன. கரையில் ஒரு ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

கருமத்தம்பட்டிக்காரரான ஒரு ஆலோசகர் மடிக்கணினியோடு காத்திருந்தார். நல்ல சட்டை, நல்ல பல். விளக்கு எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணி கலரா இருக்குதுங்க சார், வெயில் உள்ள போகாதுங்க. பாசிக்கு வெளிச்சம் வேணுமுங்களே."

வெயிலுக்குப் பஞ்சமில்லாத பூமியில், வெயிலைத் தண்ணீர் மறைக்கிறது என்று டீசல் எரித்து வெளிச்சம் தயாரிக்கிறார்கள். இதுவரை நான் சிரிக்கவில்லை. பணிக்காலப் பயிற்சி.

கதை எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சம்பந்தி சொன்னார். ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்குப் போனவரைக் கடற்கரை ஆலை ஒன்றுக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். அங்கே மீன் பதப்படுத்திய கழிவுநீரில் கடல்பாசி வளர்க்கிறார்கள். தண்ணீர் தெளிந்து வெளியே போகிறது, பாசியை அறுத்து உரமாக விற்கிறார்கள். அது உண்மையான வேலைதான். கழிவில் உள்ள சத்துகளைப் பாசி இழுத்துக்கொள்ளும். இறால் பண்ணைத் தண்ணீருக்கும் பயன்படுத்தலாம். சம்பந்தி அங்கே பார்த்த எல்லாவற்றையும் படமெடுத்து வந்து அப்படியே செய்திருந்தார். கயிறு அதே அளவு, முடிச்சு அதே முடிச்சு. கடலை மட்டும் படத்தில் கவனிக்கவில்லை.

கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரைப் படித்தேன். தூத்துக்குடி. எனக்கு முன்பே என் ஊர் உப்பு வந்து சேர்ந்திருந்தது.

"இது எதுக்கு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"மொதல்ல கொண்டாந்த பாசி அத்தனையும் செத்துப்போச்சுங்க சம்மந்தி," என்றார் அவர், குடும்பத்தில் நடந்த துக்கத்தைச் சொல்வதுபோல. "அப்பறந்தான் ரோசனை வந்துச்சுங்க. கடல்ல இருக்கறதுங்களே, உப்பில்லாம எப்படிங்க பொழைக்கும்? நம்ம தென்னைக்கே நாம உப்பு வெக்கறமுங்களே. மாட்டுக்கு வெக்கறமுங்க. வெச்சதுக்கப்பறம் பாருங்க, எப்படித் தளதளன்னு வந்திருக்குது."

தென்னை மரத்தடியில் உப்பு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த நியாயத்தை எடுத்துக் கடல்பாசிக்கும் செய்திருக்கிறார். பயிரைக் கண்டால் பட்டினி போடத் தெரியாத மனிதர். சரி, அடியில் தார்ப்பாயாவது விரித்திருக்கலாமே என்றேன்.

"மண்ணு படாம எதுங்க வளரும்?"

ஆலோசகர் பல்லைக் காட்டினார். இரண்டு தொழிலாளிகள் ஒரு மூட்டையைப் பிரித்துக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கத்திப் பையன்கள். நான் டெல்லியில் சில காலம் இருந்தவன் என்பதால் அவர்கள் பேசிய இந்தி எனக்குப் புரிந்தது. ஒருவன் சொன்னான்: "ஊரிலிருந்து கேட்டால் நான் கடலில் வேலை செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மீன் அனுப்பச் சொல்கிறார்கள்." மற்றவன் சொன்னான்: "இன்னும் ரெண்டு லோடு வந்தால் மீனும் வரும்."

என் பையில் பேனா போன்ற மீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும். ஓய்வு பெறும்போது எனக்குக் கொடுத்த சால்வையைவிட அது பயனுள்ளது. குளத்தில் நனைத்தேன். தன்னால் காட்டக்கூடிய எண்ணைத் தாண்டிவிட்டது என்று அது கையை விரித்தது.

மதியம் சாப்பிட்டு, இலையை மடித்து, கையைக் கழுவி, வெற்றிலையும் போட்ட பிறகு சொன்னேன். ஆணைப்படி.

"சம்பந்தி, உங்க தண்ணில பிரச்சினையே உப்புதான். நார்த்தூள்ல இருந்து வந்த உப்பு. பாசி உப்பைத் தின்னாது, உப்புக்குள்ள இருக்கும், அவ்வளவுதான். மீன் குடிச்சுக் கடல் வத்துறதில்லையே. கொஞ்சம் உப்பா இருந்த தண்ணியைச் சுத்தம் பண்ணப்போய் நீங்க கடலாக்கிட்டீங்க. கீழ வெறும் மண்ணு. அது நேரா எங்க போகும்னு நினைக்கிறீங்க?"

அவர் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பாக்கலாமுங்க," என்றார்.

இந்த ஊரில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன என்று மாலையில் கவிதாவிடம் போனில் கேட்டேன். "முடியாதுன்னு அர்த்தம்ப்பா," என்றாள். "மரியாதையா."

மறுநாள் சரஸ்வதியின் தோட்டத்துக்குப் போனோம். ஆலோசகரை வரவேண்டாம் என்று சம்பந்தியே சொல்லிவிட்டார். சரஸ்வதிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கட்டுத்தறியைப் பார்த்தபடி நாற்காலிகள் போட்டார். தறியில் மாடுகள் நின்றன. பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. எந்த மாடும் அதன் பக்கம் திரும்பவில்லை. மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்றால் பால் வராது. இதற்கு மீட்டர் தேவையில்லை.

"உக்காருங்க ஐயா. வாங்கண்ணா. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

என் பயணம், தூத்துக்குடி வெயில், மகளின் உடம்பு, சம்பந்தியம்மாவின் முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்தார். கிணற்றைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நான்தான் மனுவைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க. கெணத்துத் தண்ணி ஒரு மாதிரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தனுங்க. 'ஒரு மாதிரி இருப்பதாகத் தெரிவித்துள்ளீர், மாதிரி இணைக்கப்படவில்லை'ன்னு திருப்பி அனுப்பிச்சாங்க."

"அப்புறம்?"

"செரின்னு ஒரு பாட்டல்ல ஊத்திக் கொண்டுபோனனுங்க. ஒரு மாதிரி பத்தாது, மூணு மாதிரி வேணும்னாங்க. நம்ம கெணத்துல ஒரு மாதிரிதான் இருக்குதுங்க, மூணு மாதிரிக்கு நான் எங்க போறதுன்னு கேட்டனுங்க. சிரிச்சுப்போட்டு, அப்பறந்தான் நேர்ல வந்தாங்க."

மூன்று மாதிரி எடுப்பதுதான் முறையான நடைமுறை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் விட்டது என் ஓய்வுக்காலத்தின் சிறந்த முடிவு.

"இப்ப எப்படி இருக்குதுங்க அம்மணி தண்ணி?" என்று சம்பந்தி கேட்டார். "கலரு மாறியிருக்குமுங்களே?"

"கலரு பரவால்லீங்கண்ணா. தண்ணிதான் இன்னும் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா, தேறி வருகிறது என்ற பார்வை. சரஸ்வதி உள்ளே போய் மூன்று டம்ளர் மோர் கொண்டுவந்தார். கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி. வெயிலில் நடந்துவந்த சம்பந்தி ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"மோரு நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. உப்பு சும்மா கணக்கா இருக்குது."

"உப்புப் போடலீங்கண்ணா."

"மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது. போட்டிருக்கீங்க."

"மறக்கலீங்க. கெணத்துத் தண்ணியில கலக்குனனுங்க. இப்பெல்லாம் மோருக்கும் போடறதில்லீங்க, சோத்துக்கும் போடறதில்லீங்க. உப்பு வாங்கற செலவே இல்லீங்கண்ணா, உங்க புண்ணியத்துல."

குரலில் கோபமே இல்லை. காலி டம்ளரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "இன்னொரு டம்ளர் கொண்டாரட்டுங்களா?"

மீட்டரை நம்பாத மனிதர் தன் நாக்கை நம்ப வேண்டியதாயிற்று. சம்பந்தி நாக்கால் மேலண்ணத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது வெளியே தெரிந்தது.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி," என்றார்.

"சொன்னனுங்களே. கலியாணத்துல பாத்தப்பச் சொன்னனுங்க. கோயில்ல சொன்னனுங்க. ரோட்டுல நீங்க வண்டிய நிறுத்தினப்பச் சொன்னனுங்க, தண்ணி ஒரு மாதிரியா இருக்குதுன்னு."

"அது கலரைச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க."

"கலரு போனதுக்கப்பறமும் சொன்னனுங்க."

சரஸ்வதி என் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் குடுத்த வாக்குக் குடுத்ததுதானுங்க. பாசி போட்டா தண்ணி செரியாகும்னு நீங்க சொல்லுங்க, இன்னிக்கே போய் மனுவ வாபஸ் வாங்கிக்கறனுங்க."

என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பெரியவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் எதுவும் வேண்டாம் என்று மகள் சொன்னதும் நினைவில் இருந்தது. மோர் சாப்பாட்டில் சேராது.

"வாபஸ் வாங்காதீங்கம்மா," என்றேன்.

என் பணிக்காலத்தில் இவ்வளவு சின்ன அறிக்கையை நான் கொடுத்ததில்லை.

"செரிங்க," என்றார் சரஸ்வதி. அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். அவர் சம்பந்தியிடம் திரும்பினார். "அண்ணா, மனு அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. கெணறு தெளிஞ்சுதுன்னா நானே போய் வாங்கிக்கறனுங்க. அது வரைக்கும் மாட்டுக்குத் தண்ணி உங்க தோட்டத்துப் போர்ல இருந்து வரட்டுங்க. மேக்கால மேட்டுல இருக்கறதால அது இன்னும் நல்லா இருக்குதுங்களாமே."

'பாக்கலாமுங்க' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

திரும்பிக் குளத்துக் கரைக்கு வந்ததும் ஜெனரேட்டரைச் சம்பந்தியே போய் நிறுத்தினார். அந்த அமைதியில்தான் அங்கே பறவைகள் இருப்பது தெரிந்தது.

"இதை இப்ப என்ன பண்ணறதுங்க?" என்றார். "வாய்க்கால்ல தொறந்து உடலாமுங்களா?"

"கூடாது."

"தென்னைக்குப் பாய்ச்சலாமுங்களா?"

"மரம் போயிடும்."

"லாரியில ஏத்தி உங்க ஊர்க் கடல்லயே கொட்டிப்போட்டா?"

"அதுக்கு அனுமதி வாங்குறதுக்குள்ள உங்க பேரன் ரிட்டயர் ஆயிடுவான்."

கடலைக் கொண்டுவருவது சுலபம். அதை வைக்க இடமும் கிடைத்துவிடும். கொட்டுவதற்குத்தான் பொள்ளாச்சியில் இடமில்லை. கடைசியில் எங்கள் ஊர் உப்பளத்தில் செய்வதைச் சொன்னேன். சிமெண்டுக் களத்தில் தடித்த தார்ப்பாய் விரித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சுகிற உப்பை வாரி மூட்டை கட்ட வேண்டும். அந்த மூட்டையை முறைப்படி ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். மழைக்காலம் குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து. கழுவுகளத்துக்கு அடித்தளம் போட்டு, கழுவிய தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்யும்வரை பூட்டு பூட்டாகவே இருக்கட்டும் என்றேன். கிணறு தெளிவதற்கு எத்தனை மழை வேண்டும் என்று கேட்டார். அதற்கு எந்த நடைமுறையும் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தன. எங்கள் ஊரில் இதை இடியாப்பம் என்போம், இவ்வளவு மென்மையாக வராது. சம்பந்தியம்மா கரண்டியோடு நின்றார். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மனவருத்தத்தை எதை வைத்து அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியை வைத்து அளந்தால் எதுவும் தெரியாது.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினேன். பேருந்து நிற்கும் இடம் சரஸ்வதியின் தோட்டத்து வேலிக்கு எதிரே. பையை வைத்துவிட்டு நின்றபோது ஒரு டிராக்டர் தண்ணீர் டேங்க்கை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தவர் சம்பந்தி. இரண்டு டிரைவர்கள் சம்பளத்துக்கு இருக்கிற வீடு அது.

பழைய தண்ணீரை வாளியால் இறைத்து ஒரு டிரம்மில் ஊற்றினார். தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். பிறகு குழாயைத் திறந்து நிரப்பினார். சரஸ்வதி கட்டுத்தறியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூடமாட ஒத்தாசையும் செய்யவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான்.

மாடுகள் வரவில்லை. அந்தத் தொட்டியை அவற்றுக்குத் தெரியும். நன்றாகக் கறக்கக்கூடிய தோற்றமுள்ள ஒரு செவலை மட்டும் இரண்டடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டாமல் நின்றது.

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். ரோட்டில் நான் நிற்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குனிந்து, தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, மாட்டுக்குத் தெரியும்படி குடித்தார்.

"உப்பு இல்லீங்க," என்றார் அதனிடம். "குடிச்சுப் பாருங்க."

மாடு அவசரப்படவில்லை.